எறிந்த பின்னும் நம்முடையதா?

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கினால் அது நமக்குரியதாகின்றது. அதனை விற்றாலோ, பிறருக்குக் கொடுத்தாலோ அதன் மீதுள்ள உரிமை நம்மை விட்டு நீங்குகின்றது. இது யாவரும் அறிந்தது. ஆனால் உரிமை நீங்கும் அதே கணத்தில் பொறுப்பும் நீங்கிவிடுகின்றதா? நமது வீடுகளின் பின்விறாந்தையிலும் கொட்டிலிலும் தூசி படிந்து கிடக்கும் ஒரு பொருளைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்ந்து பார்ப்போம். பின்புறம் பருத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியே அது.

1979ஆம் ஆண்டு ஏப்ரிலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ருவரியில் ரூபவாஹினியும் இந்நாட்டில் ஒளிபரப்பைத் தொடங்கின. அயலட்டையெல்லாம் ஒரு வீட்டில் கூடிப் பார்த்த காலத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் தட்டைத் திரைகள் வந்தன. சீமந்தினால் செய்தது போல் கனக்கும் பழைய பெட்டி மூலைக்குப் போயிற்று. ஒருநாள் பழைய இரும்புக்காரர் ஒழுங்கையால் கூவிக்கொண்டு வருகின்றார். "இதையும் ஏத்திக்கொண்டு போ தம்பி" என்கிறோம். அவர் தரும் சில்லறையையும் வாங்கிக்கொள்கிறோம். மூலை துப்புரவாகிவிட்டது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று சிறிது அறிந்துகொள்ள வேண்டும். வண்ணத் தொலைக்காட்சியின் படக்குழாயிலே இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தினால் இலத்திரன்கள் விரைந்து வந்து திரையிலே மோதுகின்றன. அம்மோதலில் படம் மட்டுமன்றிச் சிறிதளவு எக்ஸ் கதிரும் பிறக்கின்றது. 1967இல் அமெரிக்காவிலே ஒரு வகை வண்ணப் பெட்டிகளிலிருந்து அளவுக்கு மிஞ்சிய கதிர் கசிந்தமை தெரியவந்து, மறு ஆண்டே அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. கதிரைத் தடுப்பதற்காகக் குழாயின் முகப்புக் கண்ணாடியில் பேரியம், ஸ்ரொன்சியம் ஆகியவற்றையும், பின்புறப் புனலிலும் கழுத்திலும் ஈயத்தையும் சேர்த்தார்கள். புனற் கண்ணாடியின் நிறையிலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஒட்சைட்டு ஆகும். பெட்டியின் பருமனுக்கேற்ப ஒரு கிலோ முதல் மூன்று கிலோ வரை ஈயம் இவ்வாறு கண்ணாடிக்குள் அடங்கியிருக்கின்றது.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். அந்த ஈயம் யாருக்காக வைக்கப்பட்டது? திரைக்கு முன்னால் பாய் விரித்து அமர்ந்திருந்த நமக்காகவும், திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்த நம் பிள்ளைகளுக்காகவும். இருபது ஆண்டுகள் அது நம்மைக் காத்தது. இனி அது வேறொருவர் வீட்டு வாசலுக்குப் போகின்றது.

இரும்புக்காரருக்கு வேண்டியது கண்ணாடியன்று, செம்பு. குழாயின் கழுத்தைச் சுற்றியுள்ள சுருளிலும், பெட்டியினுள்ளே ஓடும் கம்பியிலும் செம்பு உண்டு. அதை விரைவாக எடுக்கும் வழி, கழுத்தைச் சுத்தியலால் தட்டி முறிப்பதே. குழாயினுள்ளே காற்றில்லை. இருபத்தோரு அங்குலப் பெட்டியின் முகப்பை மட்டும் வெளிக்காற்று ஒரு தொன்னுக்கு மேற்பட்ட விசையுடன் அழுத்திக்கொண்டிருக்கின்றது. தவறான இடத்தில் அடித்தால் குழாய் உள்நோக்கி நொறுங்கிக் கண்ணாடிச் சில்லுகள் நாற்புறமும் தெறிக்கும். திரையின் உட்புறத்துப் பூச்சு தூளாகப் பறக்கும். மிகப் பழைய குழாய்களில் அத்தூளிலே கட்மியமும் இருந்தது. செம்பு கடைக்குப் போகும். கண்ணாடி வளவுக்குள்ளேயோ, குளக்கரையிலேயோ கிடக்கும்.

இதன் பயன் யாது என்பதைச் சீனத்திலே பார்த்தார்கள். குவாங்டொங் மாகாணத்தின் குய்யூ என்னும் ஊரில் செல்வந்த நாடுகளின் இலத்திரனியல் கழிவுகளை ஏழைகள் உடைத்துப் பிழைத்தனர். செம்பு கழற்றிய படக்குழாய்க் கண்ணாடி வெட்டவெளியில் குவிந்து கிடந்ததை 2002இல் வெளியான அறிக்கையொன்று எடுத்துரைத்தது. 2004இல் அவ்வூர்ச் சிறுவர் 165 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டபோது, ஈயம் சராசரியாக டெசிலீற்றருக்கு 15.3 மைக்கிரோகிராம் இருந்தது. படக்குழாய் ஒன்றே அதற்குக் காரணமன்று. ஆயினும் அதற்கும் அதில் பங்குண்டு. ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

"உடைக்கும்படி நான் சொல்லவில்லையே, அது அவருடைய தொழில்" என்று ஒருவர் கூறலாம். இது இலேசில் தள்ளிவிடத்தக்க வாதமன்று. பிறர் செய்யும் தீமையில் ஒருவனுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் புனித அல்போன்சு லிகோரியார் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றார். தீமையை விரும்பி உடன்படுதல் ஒன்று. விரும்பாமலே அதற்கு உதவும் பொருளையோ செயலையோ அளித்தல் மற்றொன்று. முன்னையது ஒருபோதும் ஆகாது. பின்னையது, தக்க பெருங்காரணம் இருந்தால் பொறுத்துக்கொள்ளப்படலாம். நாம் பெட்டியைக் கொடுத்தது பின்னைய வகையைச் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். நமது பெருங்காரணம் என்ன? ஒரு மூலை துப்புரவாயிற்று என்பதும், கையிலே சில்லறை விழுந்தது என்பதுமே.

இன்னொன்றும் உண்டு. உடைப்பவருக்கு ஈயத்தைப் பற்றித் தெரியாது. ஆகவே அவரிடத்தில் குற்றமில்லை. செய்பவரிடம் அறிவில்லை, அறிந்தவரிடம் செயலில்லை. இடையிலே தீங்கு மட்டும் நடந்துகொண்டிருக்கின்றது. அறியாமை அவரை விடுவிக்கலாம். அறிந்துகொண்டு கையைக் கழுவுபவரை அது எவ்வாறு விடுவிக்கும்?

யாத்திராகமத்தின் இருபத்தோராம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருவன் குழி வெட்டி அதை மூடாது விட, பிறனுடைய மாடோ கழுதையோ அதிலே விழுந்து செத்தால், குழிக்குரியவன் ஈடுசெய்ய வேண்டும். அவன் மாட்டைத் தள்ளவில்லை. தீய எண்ணம் எதுவும் கொள்ளவில்லை. வேலை முடிந்தது என்று போய்விட்டான், அவ்வளவே. பாலைநிலத்து இடையரின் நீதி மாட்டுக்கே இத்துணை இரங்கிற்று.

சிலர், "இரும்புக்காரருக்குக் கொடுக்காமல் வளவுக்குள்ளேயே தாட்டுவிட்டால் தீர்ந்தது" என்பர். தீராது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கும் மழைநீரே கிணற்றுக்கு வந்து சேர்கின்றது. கண்ணாடி முழுதாக இருக்கும்வரை ஈயம் அதற்குள் கட்டுண்டு கிடக்கும் என்பது உண்மையே. நொறுங்கி, அழுகும் குப்பையின் புளித்த நீரில் ஊறினால் அது கரையும். புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் 36 குழாய்களை நொறுக்கி, அமில நீரிலிட்டுச் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, கரைந்து வந்த ஈயம் சராசரி லீற்றருக்கு 18.5 மில்லிகிராம். அந்நாட்டில் அபாயக் கழிவுக்கு விதித்த எல்லை 5. பிரதேச சபையின் குப்பை மேட்டுக்கு அனுப்புவதும் ஆகாது என்பது இதனால் விளங்கும்.

ஆயின் இரும்புக்காரரின் வயிற்றுப்பாடு? அவருடைய அன்றைய சோறு அந்தச் செம்பில்தான் இருக்கின்றது. சுற்றாடலின் பெயரால் ஏழையின் வாயிலே மண்ணைப் போடுவது நீதியாகாது. நமது எண்ணம் புரள வேண்டிய இடம் இதுவே என்று தோன்றுகின்றது. அவர் நமக்குப் பணம் தருவது தலைகீழான வழக்கம். முன்னாளில் பழைய குழாயின் கண்ணாடியைப் புதிய குழாய் வார்க்கப் பயன்படுத்தினார்கள். புதிய குழாய் செய்வது நின்றதும் அக்கண்ணாடியை விரும்பி வாங்குவார் அருகிவிட்டனர். இன்று அதைப் பக்குவமாக அகற்றுவதே ஒரு செலவு. அச்செலவை நாம் கொடாதபடியால் உடைப்பவரின் பிள்ளை தன் இரத்தத்தால் கொடுக்கின்றது. பெட்டியை உடைக்காமல் உரிய இடத்தில் சேர்ப்பிக்கும்படி கேட்டு, அந்தச் செம்பின் விலையையும் வண்டிக்கூலியையும் அவர் கையில் வைத்தால் அது தருமமன்று, கூலி.

உரிய இடம் எது? 2008 பெப்ருவரி 1ஆம் திகதிய 1534/18ஆம் இலக்க விசேட வர்த்தமானியின் ஒழுங்குவிதிகளின்படி, இத்தகைய கழிவைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் மீட்டெடுக்கவும் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றோரின் விபரத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ, பிரதேச செயலகத்துச் சுற்றாடல் உத்தியோகத்தரிடமோ கேட்டறியலாம். அதுவரைக்கும் பெட்டியை மழை படாத இடத்தில் முழுதாக வைத்திருக்க வேண்டும். பின்மூடியைக் கழற்றலாகாது, மின்னிணைப்பை நீக்கிய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும். தூக்கும்போது திரை மார்புப் பக்கமாக இருக்கட்டும்; பின்கழுத்து எதிலும் இடிபடலாகாது.

ஒரு சொல் இடையிலே. உயிர் போன பெட்டியை அநாதை இல்லத்துக்கோ, பங்கு மண்டபத்துக்கோ "அன்பளிப்பு" என்று அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987 டிசம்பரில் எழுதிய சமூகச் சுற்றுமடலில், தன்னினும் ஏழையொருவனை எண்ணிப் பாராமல் பொருட்களை ஒதுக்கித் தள்ளும் மனப்போக்கைக் கண்டித்தார். இயங்கும் பெட்டியைக் கொடுப்பது அந்த எண்ணத்துக்கு இசைந்தது. இயங்காததைக் கொடுப்பது, குப்பையை அகற்றும் செலவையும் சேர்த்து அருட்சகோதரிகளின் தலையில் கட்டுவதாகும்.

தனி வீட்டுக்கு உரிமக்காரர் ஒரு பெட்டிக்காக வரமாட்டார் என்பது மெய். ஒரு பங்கிலே முப்பது நாற்பது பெட்டிகள் சேர்ந்தால் ஒரு லொறியை ஒழுங்குசெய்யலாம். வீட்டுக்கு இவ்வளவென்று கூலியைப் பிரிக்கலாம். ஊரிலுள்ள இரும்புக்காரரையே நாட்கூலிக்கு அமர்த்தினால், எந்த எந்த வீட்டில் பெட்டி கிடக்கின்றதென்று அவருக்கே நன்றாகத் தெரியும்.