நூலில் பின்னிய பூச்சியும் கொல்லாமை அறமும்

உயிரில்லாத ஓர் உருவத்திடம் மனிதர் நடந்துகொள்ளும் முறைக்கு வினைப்பயன் உண்டா என்னும் வினாவை இந்தியச் சமயங்களுள் மிகக் கூர்மையாக எழுப்பியது சமணம். மண்ணால் செய்த விலங்கையும் மாவால் செய்த கோழியையும் முன்வைத்து அச்சமயத்தார் ஆராய்ந்த அவ்வினாவை, இன்று வீடுகளில் குரோஷா ஊசியால் பின்னப்படும் வண்ணப் பூச்சிப் பொம்மையை முன்வைத்தும் ஆராய இடமுண்டு. தேனீ, பொறிவண்டு, வண்ணத்துப்பூச்சி, கம்பளிப்புழு ஆகியன இவ்வகைப் பொம்மைகளில் பெரிதும் விரும்பப்படும் உருவங்கள். வீட்டுக்குள் நுழைந்தால் துடைப்பத்தால் அடிக்கப்படும் உயிர்களே, நூலுருவம் பெற்றவுடன் குழந்தையின் படுக்கையில் இடம் பெறுகின்றன. இந்த முரண்பாடு வெறும் மனவிநோதமா, அன்றி அறத்தோடு தொடர்புடையதா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

இவ்வாராய்ச்சிக்குத் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரம் மிகப் பொருத்தமான களமாகும். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே அமைந்த மேல்சித்தாமூரில், தமிழ்த் திகம்பர சமணரின் தலைமைப் பீடமாகிய ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும் உள்ளன. பெருமண்டூர், வீடூர் முதலிய ஊர்களிலும் சமணக் கோயில்கள் இன்றுவரை வழிபாட்டில் இருக்கின்றன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவைக் குறிக்கும் தொன்மையான கல்வெட்டும் காணப்படுகின்றன. இப்பகுதிச் சமணர்களாகிய நயினார்கள் பெரும்பாலும் உழவுத்தொழிலை மேற்கொண்டவர்கள் ஆதலின், மண்ணைக் கிளறாமலும் பயிரைக் காவாமலும் வாழ இயலாத குடும்பங்களின் நடுவே கொல்லாமை இங்குப் பேணப்பட்டு வந்திருக்கிறது. பூச்சியை என்ன செய்வது என்பது இவர்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் வயலில் எதிர்ப்படும் நடைமுறைச் சிக்கல்.

பூச்சிகளுக்கு உயிரினங்களின் வரிசையில் எந்த இடம் என்பதைச் சமணம் புலன்களின் எண்ணிக்கையால் வரையறுக்கிறது. நிலம், நீர், தீ, காற்று, மரஞ்செடிகள் ஆகியவற்றில் உறையும் உயிர்களுக்குத் தொடுபுலன் ஒன்றே உண்டு. புழு, சங்கு போன்றவற்றுக்குச் சுவையும், எறும்பு போன்றவற்றுக்கு முகர்தலும், வண்டு, தேனீ போன்றவற்றுக்குப் பார்வையும் மேன்மேலும் கூடுகின்றன. செவிப்புலனும் பெற்றவை விலங்குகளும் மனிதரும். தொல்காப்பிய மரபியலும் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, கறையானையும் எறும்பையும் மூன்றறிவிலும், நண்டையும் தும்பியையும் நான்கறிவிலும் வைத்திருப்பது தமிழ்க் கல்வியுலகம் அறிந்ததே. கொசுவின் உணர்கொம்பும் சுவர்க்கோழியின் முன்காலும் ஒலியை உணரும் உறுப்புகளாக அமைவதை இன்றைய உயிரியல் காட்டியிருப்பதால், நான்கறிவுயிர்களுக்குக் கேள்வி இல்லை என்னும் கூற்றை அறிவியல் உண்மையாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் அவ்வகைப்பாட்டின் நோக்கம் உடற்கூற்றியல் அன்று. வருத்தத்தை உணரும் ஆற்றல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு மனிதரின் பொறுப்பும் கூடுகிறது என்பதை நிறுவுவதே அதன் நோக்கம்.

அடுத்து, பின்னப்படும் பொருளின் இயல்பைக் காண வேண்டும். குரோஷா என்பது நுனியில் கொக்கி அமைந்த ஒற்றை ஊசியால் நூலை இழுத்து, ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணியை நுழைத்துப் பின்னும் கைவேலை. 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகளின் வழியே ஆந்திரத்து நரசாப்பூரில் வேரூன்றிய இவ்வேலை, 2024இல் அவ்வூருக்குப் புவிசார் குறியீட்டையும் பெற்றுத் தந்தது. இதே நுட்பத்தால் பஞ்சடைத்த சிறு உருவங்களைச் செய்யும் முறை ஜப்பானில் 'அமிகுருமி' என்னும் பெயரால் வளர்ந்து உலகெங்கும் பரவியது. ஒரு சிறு வளையத்தில் 6 கண்ணிகளைத் தொடங்கி, அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்த சுற்றில் 18 எனக் கூட்டிக்கொண்டே சென்றால் தட்டையான வட்டம் விரிகிறது. கூட்டுவதை நிறுத்திச் சுற்றினால் அது கிண்ணமாகக் குழிகிறது. பின்னர்க் கண்ணிகளைப் படிப்படியாகக் குறைத்து, வாய் மூடுவதற்கு முன் பஞ்சை அடைத்தால் உருண்டை உருவாகிறது. தலை, உடல், சிறகு, கால் ஆகியவற்றைத் தனித்தனியே பின்னி இணைத்த பின்னரே அது பூச்சி எனப் பெயர் பெறுகிறது. சாதாரணக் கம்பளிப் பின்னலைப் போல இதை எந்திரத்திடம் ஒப்படைக்க இயலாததால், இதன் ஒவ்வொரு கண்ணியும் ஒருவருடைய கவனத்தின் வழியாகவே கடந்து வந்தாக வேண்டும்.

இத்தகைய பொருளை எவ்வாறு எண்ணுவது என்பதற்குச் சமண அளவையியலில் 'நிட்சேபம்' என்னும் கருவி உண்டு. ஒரு சொல் குறிக்கும் பொருளை நான்கு நிலைகளில் வைத்து நோக்குவது நிட்சேபம் எனப்படும். பெயரளவில் மட்டும் ஒன்றை அவ்வாறு அழைப்பது நாமம். 'இது அதுவே' எனக் கருதி ஓர் உருவத்தில் அதை நிறுத்துவது தாபனை. அதுவாக முன்பு இருந்ததையோ இனி ஆகப்போவதையோ குறிப்பது திரவியம். இப்பொழுது உண்மையிலேயே அதுவாக இருப்பது பாவம். இவ்வகையில் வண்டு என்னும் பட்டப்பெயர் பெற்ற சிறுவன் நாம வண்டு, பின்னிய பொம்மை தாபனை வண்டு, வண்டாகப் போகும் புழு திரவிய வண்டு, பறந்து திரிவது பாவ வண்டு எனக் கொள்ளலாம். தாபனைக்கு உரிய ஊடகங்களைச் சுவேதாம்பர ஆகமமாகிய அநுயோகத்துவாரம் வரிசைப்படுத்துமிடத்து, மரவேலை, ஓவியம் ஆகியவற்றோடு முடிச்சிட்டவை, சுற்றிப் புனைந்தவை, உள்ளே நிரப்பியவை, துண்டுகளை இணைத்தவை ஆகியவற்றையும் சேர்த்திருப்பது வியப்புக்குரியது. குரோஷா என்னும் கலை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வகுக்கப்பட்ட அப்பட்டியலின் இந்நான்கு செயல்களும் இன்றைய பஞ்சுப் பூச்சியில் ஒருங்கே அமைகின்றன.

தாபனை என்பது உண்மையான உயிர் அன்று என்பதில் சமண ஆசிரியரிடையே ஐயமில்லை. ஆனால் அதனிடம் செய்யும் செயல் பயனற்றதா என்னும் வினாவுக்கு இரண்டு தமிழ்க் காப்பியங்கள் முதற்பார்வைக்கு நேர்மாறான விடைகளைத் தருகின்றன. குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியத்துக்கு மறுப்பாக எழுந்த நீலகேசியில், காளி கோட்டத்தில் பலியிட விலங்குகளைக் கொண்டுவந்த மக்களிடம், முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் அவற்றைக் கொல்ல வேண்டியதில்லை என்றும், மண்ணால் செய்த உருவங்களைப் படைத்தாலே தேவி நிறைவடைவாள் என்றும் அறிவுறுத்துகிறார். இதனால் சினந்த அக்கோட்டத்துத் தெய்வத்தின் வேண்டுகோளால் காப்பியத் தலைவியாகிய நீலகேசி அவரை அச்சுறுத்த வந்து, தோற்று, அவரிடமே அறம் கேட்டுச் சமண வாதியாக மாறுவது அந்நூலின் தொடக்கம். சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு இந்நூலை 1936இல் பதிப்பித்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். இங்கே உயிரற்ற உருவம் உயிரைக் காக்கும் கருவியாகிறது.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியமோ வேறு திசையில் செல்கிறது. தீக்கனவின் விளைவைத் தவிர்க்க உயிர்ப்பலி கொடுக்குமாறு தாய் வற்புறுத்த, அதற்கு உடன்படாத யசோதர மன்னன், மாவால் செய்த கோழியை வாளால் வெட்டிப் பலியிட இசைகிறான். அச்செயலின் பயனாகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, ஒருவர்க்கொருவர் பகையாகவும் இரையாகவும் துன்புற்ற பின்னரே மீண்டும் மனிதப் பிறப்பை எய்துகின்றனர். இக்கதையைச் சோமதேவ சூரி 959இல் வடமொழியில் யசஸ்திலகமாக இயற்றினார். சமணர் இதைப் பல மொழிகளில் மீண்டும் மீண்டும் எழுதியிருப்பது, மாவுக்கோழி அவர்களுக்கு எத்துணை முதன்மையான சான்றாக இருந்தது என்பதைக் காட்டும். மறுபுறம், வேள்விக்குரிய விலங்குக்கு மாற்றாக மாவால் செய்த விலங்கை ஏற்பது மத்துவரைப் பின்பற்றும் வைணவ மரபில் கொல்லாமையை நோக்கிய சீர்திருத்தமாகவே கருதப்படுகிறது. ஒரு மரபில் உய்வாகக் கொள்ளப்பட்ட செயல் மற்றொரு மரபில் வீழ்ச்சிக்குக் காரணமாக நிற்கிறது.

இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்கான நெறி சமண அறநூல்களிலேயே உள்ளது. ஆசை, சினம், கவனமின்மை ஆகியவற்றின் வயப்பட்ட செயலால் உயிரின் பிராணனைப் பிரிப்பதே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது; இதை விரித்துரைத்த அமிர்தசந்திரர், அத்தகைய தீய உணர்வுகள் மனத்தில் எழுவதே இம்சை என்றும், அவை எழாமையே அகிம்சை என்றும் முடிபு கூறுகிறார். கருத்தோடு அடிவைத்து நடக்கும் முனிவரின் காலடியில் ஓர் எறும்பு மாய்ந்தாலும் அவர்க்கு அது இம்சையாவதில்லை. பெருமீனின் வாய்க்குள் புகுந்து தப்பிச் செல்லும் மீன்களைக் கண்டு, 'நானாயின் ஒன்றையும் விடேன்' என எண்ணும் அரிசியளவு மீன், எதையும் தின்னாமலே நரகம் புகுகிறது என்பது சமணர் சொல்லும் கதை. இந்நெறியின்படி, முனிச்சந்திரர் கூறிய மண்ணுருவம் கொல்லும் எண்ணத்தை விலக்குவதற்காகப் படைக்கப்பட்டது; யசோதரனின் மாவுக்கோழியோ கொல்லும் எண்ணத்தை நிறைவேற்றுவதற்காகச் செய்யப்பட்டு, கோழி எனவே கருதி வெட்டப்பட்டது. உருவத்துக்கு உயிர் இல்லை. உருவத்தின்மேல் செலுத்தப்படும் கருத்துக்கு வினை உண்டு. இரண்டு காப்பியங்களும் உரைப்பது இந்த ஒன்றையே.

இம்முடிபைப் பூச்சிப் பொம்மைக்குப் பொருத்துமிடத்து மூன்று வினாக்கள் எழுகின்றன. முதலாவது, எதனால் செய்யப்படுகிறது என்பது. பட்டிழைக்காகக் கூட்டுப்புழுக்கள் கூட்டோடு வெந்நீரில் இடப்படுகின்றன. அரக்குச் சிவப்பும் கோச்சினீல் சிவப்பும் பூச்சிகளிடமிருந்தே பெறப்படுகின்றன. பட்டு நூலில் பூச்சியுருவம் பின்னுவது செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூவகையுள் பின்னிரண்டின் வழியே கொலையில் பங்கேற்பதாகும் எனச் சமணம் கூறும். பருத்தி நூலும் இலவம்பஞ்சும் இக்குற்றத்தினின்று பெரிதும் நீங்கியவை.

இரண்டாவது, உருவம் மெய்யானதா என்பது. நான்கு கால்களும் புன்னகைக்கும் வாயும் உடைய பொம்மை குழந்தைக்கு அன்பைத் தூண்டினாலும், அவ்வன்பு பூச்சியைச் சென்றடைவதில்லை. தன்னைப் போன்ற ஒரு முகத்தையே அக்குழந்தை நேசிக்கிறது. ஆறு கால்கள், மூன்று உடற்பகுதிகள், தேனீயாயின் இரண்டு இணைச் சிறகுகள் என்னும் இயல்புகளைப் பின்னுபவர் காக்கும்பொழுது, தாபனை தன் பணியைச் செய்கிறது. அதாவது, கையிலுள்ள உருவம் வெளியிலுள்ள உயிரை அடையாளம் காட்டுகிறது. மணிலா எனப்படும் நிலக்கடலைப் பயிரைத் தாக்கும் அசுவினியைத் தின்று உழவர்க்கு உதவும் பொறிவண்டைச் செடியில் கண்டறிந்து விட்டுவிடும் குழந்தை, அப்பொம்மையால் உண்மையில் பயன் பெற்றதாகும்.

மூன்றாவது வினாவே கடினமானது. பொம்மையில் பொறிவண்டும் கம்பளிப்புழுவும் ஒருநிகரான அழகுடையவை. வயலில் அவ்வாறு அல்ல. கோடை மழைக்குப் பின் மண்ணினின்று அந்துப்பூச்சிகளாக வெளிப்பட்டு முட்டையிடும் சிவப்புக் கம்பளிப்புழு, மானாவாரி மணிலாவின் இலைகளை மொட்டையாக்கிவிடும். விளக்குப்பொறியும் தீமூட்டமும் அதற்கு எதிராகக் கையாளப்படும் வழிகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில் இருந்து, அவ்வூரின் பெயரைச் சுமக்கும் டி.எம்.வி. மணிலா இரகங்களை வெளியிட்டு வந்ததை எண்ணினால், இப்புழுவும் இம்மக்களும் எவ்வளவு நெருங்கி வாழ்பவர்கள் என்பது விளங்கும். இச்சூழலுக்கெனவே இல்லறத்தாரின் இம்சையைச் சமணர் நான்காகப் பகுத்தனர்: கொல்லும் நோக்கத்தோடு செய்வது, சமைத்தல் முதலிய இல்வாழ்க்கைப் பணிகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இவற்றுள் முதலாவதை முற்றும் விலக்கவும், ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்கவும் இல்லறத்தார் கடமைப்பட்டவர். பயிரைக் காக்கப் புழுவை அழிக்கும் உழவருக்கு இக்கடமையினின்று விடுதலை இல்லை. ஆனால் யசோதரனின் வாளும் அவர் கையில் இல்லை.

பஞ்சுப் புழுவைத் தழுவும் குழந்தையும் வயற்புழுவை அழிக்கும் தந்தையும் ஒரே வீட்டில் இருப்பது போலித்தனம் என்னும் குற்றச்சாட்டுக்கு இப்பகுப்பே விடையாகும். போலித்தனம் என்பது பொம்மையைக் காட்டி, பூச்சிகள்பால் தாம் அன்புடையவர் என மனநிறைவு கொண்டு, தேவையின்றிக் கொல்வதை மட்டும் தொடர்வதாகும். படைக்கப்பட்ட மண்ணுருவம் உண்மையில் ஓர் ஆட்டையேனும் விடுவித்தால்தான் முனிச்சந்திரரின் அறிவுரைக்குப் பொருளுண்டு; உயிர் ஒன்றும் விடுபடாத இடத்தில் மாற்றுருவம் வெறும் விளையாட்டாகவே நின்றுவிடும்.

ஆதலின் நூற்பூச்சியைப் பின்னுவது புண்ணியமும் அன்று, பாவமும் அன்று; அதைப் பின்னும் கையும் பெறும் கையும் அதன்பின் உண்மைப் பூச்சியிடம் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதே அதன் அறமதிப்பை முடிவு செய்கிறது. திகம்பர முனிவர் தாம் அமருமிடத்து எறும்புகளை நோகாமல் விலக்க மயிற்பீலியை ஏந்துகிறார். இல்லறத்தார்க்கு அத்தகைய துறவு இயலாதெனினும், தம் பிள்ளைகளுக்குப் பூச்சிப் பொம்மை தருவோர் அதனோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துத் தருதல் இயலும். வீட்டுக்குள் வழிதவறி வந்த வண்டை அடிக்காமல் ஒரு தாளில் ஏந்தி வெளியே விடுவதே அப்பழக்கம்.