கொள்கைக்கும் கூண்டுக்கும் நடுவே

வெளிவிவகாரத்தில் நீதிபதிகள் தலையிடக் கூடாது என்பது ஆட்சியாளர் பலரின் நிலைப்பாடு. போருக்கும் உடன்படிக்கைக்கும் மக்களிடம் பொறுப்புச் சொல்பவர்கள் தாங்களே என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அரசின் கொள்கை ஒரு மனிதனின் உயிரைத் தொடும்போதும் நீதி வாய்மூடி இருக்க வேண்டுமா? இந்த அறக்கேள்வியை இலங்கையின் மாத்தளையில் 1848ஆம் ஆண்டு நடந்ததை வைத்து ஆராயலாம். 1815 கண்டி ஒப்பந்தத்தால் பிரித்தானிய முடியின் கீழ் வந்த மலைநாட்டவர், புதிய வரிகளை எதிர்த்துக் கிளர்ந்து, மாத்தளை நகரைத் தாக்கினர். அவர்களை எப்படி ஆள்வது என்பது லண்டனுக்குப் பேரரசுக் கொள்கை. தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி சுடப்பட்டார். பௌத்த துறவி குடாபொல தேரர் காவியுடையிலேயே சுடப்பட்டார். பிரதம நீதியரசர் அந்தனி ஒலிஃபன்டோ, தம் நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றவர்களுக்குக் கருணை காட்டும்படி பரிந்துரைத்தார். கடுமையே அமைதி தரும் என நம்பிய தேசாதிபதிக்கு அது கசந்தது.

தேர்ந்தெடுக்கப்படாதவர் ஆட்சியை விமர்சிக்கலாமா என்று கேட்கலாம். டொரிங்டனையும் மாத்தளை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒலிஃபன்ட் வரியையும் நீக்கவில்லை, தேசாதிபதியின் அதிகாரத்தையும் பறிக்கவில்லை. தம்முன் நின்றவர்களின் உயிருக்காக மட்டுமே பேசினார். அரச அதிகாரம் உடைமையன்று, பொறுப்பு என்பதே இதன் அடிப்படை. நிலத்துக்கு மன்னன் உரிமையாளனல்லன், காவலனே என மகிந்த தேரர் பண்டைய இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனுக்குச் சொன்ன போதனையை, சர்வதேச நீதிமன்ற நீதிபதி வீரமந்திரி 1997இல் தம் தனிக் கருத்துரையில் எடுத்தாண்டார். காவலன் கணக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கும் இடங்களில் நீதிமன்றமும் ஒன்று.

வலுவான மறுப்பு இன்னொன்று: நீதிபதிகளும் தவறலாம். இலங்கைக் கைதி சிங்கராசாவின் வழக்கே சான்று. ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் தண்டிக்கப்பட்ட அவருடைய உரிமை மீறப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் கண்டது. ஆனால் அக்குழுவிடம் முறையிட வழிதிறந்த சர்வதேச நெறிமுறையில் ஜனாதிபதி குமாரதுங்க 1997இல் நாட்டை இணைத்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் 2006இல் தீர்த்தது. சட்டமியற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே உரியது என்ற கவலை பொய்யன்று. ஆயினும் வெளிவிவகாரத்தில் நீதிபதிகள் சொன்ன மிகப் பெரிய தீர்ப்புகளுள் ஒன்றான அத்தீர்ப்பு, சட்டமா அதிபருக்கே சாதகமாயிற்று. கைதிக்கு நிவாரணம் கிட்டவில்லை. ஆகவே நீதிபதி வெளிவிவகாரம் பேசினாரா என்பது சரியான அளவுகோலன்று. வழக்கின் எல்லைக்குள், காரணம் காட்டி, அதிகாரத்தின் முன் தனித்து நிற்பவருக்குக் காப்பாகப் பேசினாரா என்பதே அளவுகோல். மேடையில் கொள்கை பேசும் நீதிபதி இதில் தேறமாட்டார், ஒலிஃபன்ட் தேறுவார்.