விழிப்பே அகிம்சை



ஆஸ்திரேலியாவில், சிட்னி நகருக்கு வடமேற்கே அமைந்த வொல்லெமி தேசியப் பூங்காவின் ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்றில், 1994ஆம் ஆண்டு டேவிட் நோபிள் என்னும் பூங்காப் பணியாளர் புதுமையான மரங்களைக் கண்டார். பாறைத் தடயங்களால் மட்டுமே அறியப்பட்டு, முன்னரே அற்றுப்போனதெனக் கருதப்பட்ட மரபின் உயிருள்ள வழித்தோன்றல்கள் அவை. காட்டில் முதிர்ந்த மரங்கள் 100-க்கும் குறைவே.

அவை நிற்குமிடம் இன்றும் மறைத்து வைக்கப்பட்டுள்ளது. வெட்ட வருவோர்க்கு மட்டும் அஞ்சியன்று. ஆவலோடு காண வருவோர்க்கும் அஞ்சியே. காலணி மண்ணில் ஒட்டிச் செல்லும் கிருமி அம்மரங்களின் வேரை அழுகச் செய்யும். கொல்லும் எண்ணம் இல்லை. ஆயினும் உயிர்க்கு ஊறு நேர்கின்றது.

நம் ஆசாரியர்கள் இம்சையின் வேரைப் பிரமாதத்தில், அஃதாவது விழிப்பின்மையில், கண்டனர். ஓரறிவுயிர்க்கு நேரும் ஊறு அனைத்தையும் இல்லறத்தார் நீக்க இயலாதென்பதை அவர்கள் அறிவர். ஆதலின், பயனின்றி மரஞ்செடிகளை வெட்டுதல், நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல் ஆகியவற்றை அநர்த்த தண்டம் என விலக்கினர். 'தேவை' என்று நாம் கூறுவனவற்றுள் மெய்யான தேவை எத்துணை, கவனமின்மை எத்துணை? ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்க வேண்டும்.

2019-20இல் பெருந்தீ அம்மரங்களை நெருங்கியபோது, தீயணைப்பு வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி, நீர் பாய்ச்சி அவற்றைக் காத்தனர். உதவி கேட்க வாயில்லாத உயிர்க்குச் செய்த அக்காவலே தயை. நாமும் நம் முற்றத்துக் கிளையொன்றை ஒடிக்குமுன் ஒரு கணம் கையை நிறுத்துவோம். விரதம் அங்கே தொடங்கட்டும்.

அறம் வளர்க!