தானமா, கடனா?

2022ஆம் ஆண்டு பாகிஸ்தானில் பெருவெள்ளம் வந்த வேளை, எமது மண்டபத்தில் அன்னதானம் முடிந்தபின் நிவாரணத்துக்காக ஓர் உண்டியல் வைக்கப்பட்டது. அன்பர் ஒருவர் பணத்தைப் போட்டுவிட்டு, "பாவம், எங்களால் இயன்ற தர்மம்" என்றார். அருகில் நின்ற அவரது பதினாறு வயது மருமகள், "மாமா, இது தர்மமா? நாங்கள் குடுக்க வேண்டிய கடன் இல்லையா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்கோ அக்கேள்வி மனதைவிட்டு அகலவில்லை.

அவ்வெள்ளத்தில் 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். காலநிலை மாற்றம் அம்மழையை மேலும் கடுமையாக்கியிருக்கக்கூடும் என விஞ்ஞானிகள் கூறினர். ஆனால் பூமியைச் சூடாக்கும் வாயுக்களை உலகம் வெளியிடும் அளவில் பாகிஸ்தானின் பங்கு நூற்றுக்கு ஒன்று மட்டில்தான்.

அயல்வீட்டார் தமது கழிவுநீரை எமது வளவுக்குள் விட்டுக் கிணற்றைக் கெடுத்தபின், ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து தந்தால் அதைத் தானம் என்போமா?

பணக்கார நாடுகளுக்கு இது தெரியாததல்ல. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் எல்லோருக்கும் சமமல்ல என்பதை 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் அவை ஏற்றுக்கொண்டன. 2020ஆம் ஆண்டளவில் வருடந்தோறும் 10,000 கோடி டொலர் திரட்டித் தருவதாக 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. அத்தொகை முதன்முதலாக எட்டப்பட்டது 2022இலேயே. அதிலும் அரசுகளும் அபிவிருத்தி வங்கிகளும் வழங்கிய பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்! கடன்பட்டவன், தான் கொடுக்க வேண்டியவனுக்கே கடன் கொடுக்கும் விந்தை இது.

"கரியை எரித்தவர்கள் இந்நாட்டவரின் பாட்டன், பூட்டன்மார். நேற்று வந்த எமக்கு என்ன பங்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கரியால் வந்த செல்வத்தில் எழுந்த வைத்தியசாலையிலேதான் எம் பிள்ளைகள் பிறக்கிறார்கள். அந்தத் தெருக்களிலேதான் எமது கார்களும் ஓடுகின்றன. சொத்தில் பங்கு வேண்டும், கடனில் பங்கு வேண்டாம் என்பது முறையாகுமா?

"கொடுக்கும் பணத்தை அங்குள்ள அதிகாரிகள் விழுங்கிவிடுவார்கள்" என்பது இன்னொரு வாதம். அந்த அச்சத்தில் உண்மை உண்டு. ஆனால் அது கணக்குக் கேட்பதற்குக் காரணமாகுமேயன்றி, கையை மூடுவதற்குக் காரணமாகாது. 1970இன் புயலில் இன்றைய பங்களாதேஷில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தனர். பின்னர் அங்கு எச்சரிக்கைச் சேவையும், தொண்டர் படையும், புயல் காப்பிடங்களும் ஏற்பட்டன. 2020இல் அம்பான் புயல் வந்தபோது இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். இறந்தோர் சில பத்துப் பேரே. எல்லாப் புயலும் ஒரே வலிமையுடையன அல்ல. எனினும் நன்கு செலவிடப்பட்ட உதவி உயிர் காக்கும் என்பதற்கு இது சான்று.

தமிழில் 'கடன்' என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றும் பொருள். கடமை என்றும் பொருள். தானம் கொடுப்பவன் தலை நிமிர்ந்து நிற்கிறான், வாங்குபவன் குனிகிறான். கடனைத் தீர்க்கும்போதோ யாரும் குனிய வேண்டியதில்லை.

ஆகவே உண்டியலில் போடுவோம். அத்துடன், வாக்குக் கேட்டு எம் வாசலுக்கு வருபவரிடம், "இந்நாடு அந்த மக்களுக்குக் கொடுப்பது நன்கொடையா, வட்டிக்கடனா?" என்றும் கேட்போம். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நாம் அளிக்கக்கூடிய நேர்மையான பதில் அதுவே.