அநாதைகளின் கதையும் நமது நகைப்பும்

பெற்றோரை இழந்த பிள்ளையைக் கண்டு நகைப்பவன் மனிதனாகான் என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் நியாயம். அவ்வாறிருக்க, தாய் தந்தையர் இருவரையும் தீக்குப் பறிகொடுத்த மூன்று குழந்தைகள் வீடு வீடாக அலைக்கழிக்கப்பட்டு, அடியுண்டு, ஏமாற்றப்பட்டுத் தவிக்கும் கதையை வேடிக்கையாக எழுதலாமா? எழுதினாலும் அதனைக் குழந்தைகளின் கையிலேயே கொடுக்கலாமா? இவ்விஷயத்தையே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

நாம் குறிப்பிடும் நூல், 'துரதிருஷ்டச் சம்பவங்களின் வரிசை' என்று பொருள்படும் பெயருடன் 1999 முதல் 2006 வரை 13 புத்தகங்களாக அமெரிக்காவில் வெளிவந்த கதைத் தொகுதியாகும். டேனியல் ஹாண்ட்லர் என்பார் லெமனி ஸ்னிக்கெட் என்னும் புனைபெயரில் இதனை இயற்றினார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுக் கோடிக்கணக்கான பிரதிகள் விற்பனையான இக்கதை, 2004-இல் சினிமாப் படமாகவும், 2017 முதல் 2019 வரை நெட்பிளிக்ஸ் தொடராகவும் வெளிவந்தது. பதினான்கு வயதுடைய வயலட், பன்னிரண்டு வயதுடைய கிளவுஸ், பல் முளைத்த கைக்குழந்தையான சன்னி ஆகிய மூவரே இதன் நாயகர்கள். பெற்றோர் விட்டுச்சென்ற பெருஞ்சொத்தைக் கவரவேண்டி ஒலாப் பிரபு என்னும் நாடகக்காரன் மாறுவேடம் பூண்டு புத்தகத்துக்குப் புத்தகம் அவர்களைத் தொடர்கிறான். கதை சொல்பவரோ, "இதனைப் படியாதீர்கள், மூடி வையுங்கள்" என்னும் கருத்துப்பட வாசகரை அடிக்கடி எச்சரித்துக்கொண்டே போகிறார்.

படித்தவர்களின் அபிப்பிராயம் பலவகைப்பட்டது. பிஞ்சு உள்ளத்தில் அச்சத்தையும் அவநம்பிக்கையையும் விதைக்கும் கொடிய நூல் இஃது என்பர் ஒரு சாரார். குழந்தைகள் உண்மையைச் சொல்வதும், பெரியவர்கள் நம்பாதிருப்பதும், வேடதாரி தப்பி ஓடுவதும் ஒவ்வொரு புத்தகத்திலும் திரும்பத் திரும்ப வருவதால் சலிப்புத் தருவது, நம்பத்தகாதது என்பர் மற்றொரு சாரார். 13 புத்தகங்களைப் படிக்கச் செய்துவிட்டு, முடிவில் முக்கியமான இரகசியங்கள் பலவற்றை வெளியிடாமலே ஆசிரியர் நழுவிவிட்டார் என்று மனம் கசந்தவர்களும் உண்டு. இத்தனைக்கும் மாறாக, தம் இளமையில் தம்மை ஏமாற்றாத நூல் இஃதொன்றே என்று போற்றுவோரும் பலர்.

முதலில் கொடுமை என்னும் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதைகளில் கொடுமை புதிதா? 1845-இல் ஹைன்ரிக் ஹோஃப்மன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் வெளியிட்ட படக்கதைப் புத்தகத்தில், விரல் சூப்பிய சிறுவனின் கட்டைவிரல்கள் கத்தரியால் வெட்டப்படுகின்றன. தீப்பெட்டியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகிறாள். அக்கதைகளைப் பெற்றோரே மகிழ்ந்து வாங்கிக் கொடுத்தனர். ஏனெனில் அங்கே துன்பம் குற்றத்துக்குத் தண்டனையாக வருகிறது. "சொற்கேளாத பிள்ளைக்கு இதுவே கதி" என்று சொல்ல அது வசதியாயிருந்தது. ஸ்னிக்கெட்டின் கதையில் அந்த வசதி இல்லை. இம்மூன்று குழந்தைகளும் எந்தக் குற்றமும் செய்யாதவர்களாகவே துயரத்துள் தள்ளப்படுகின்றனர். அவர்கள் துன்பத்துக்கு ஆசிரியர் எந்தச் சமாதானமும் கூறவில்லை. பிறர் துன்பத்தைக் கண்டதும் "தலைவிதி" என்றும் "முன்வினை" என்றும் சொல்லி அப்பால் நடந்துவிடும் வழக்கம் நம்மவரிடையே எவ்வளவு ஆழமாய் வேரூன்றியது என்பதை நாம் அறிவோம். அவ்வழக்கத்துக்கு இந்நூல் இடங்கொடாது. துன்பப்பட்டவன் ஏதோ தவறு செய்திருப்பான் என்று நம்பி வளரும் குழந்தையைவிட, குற்றமற்றவர்க்கும் துன்பம் நேரும் என்று அறிந்து வளரும் குழந்தையே இரக்கமுள்ளதாய் வளரும் என்பது நமது துணிபு.

இனி, நகைப்பைப் பற்றிய கேள்வி. இங்கே நாம் யாரைக் கண்டு நகைக்கிறோம்? இதனை நிதானித்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

அநாதைகளின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு திருவாளர் போ என்னும் வங்கி உத்தியோகஸ்தரிடம் இருக்கிறது. அவர் நல்லவர், ஆனால் ஓயாத இருமலும் ஓயாத அலுவலும் உடையவர். ஒலாப் தம்மை அடித்தான் என்று குழந்தைகள் அவரது அலுவலகத்துக்கே நடந்து சென்று முறையிடுகின்றனர். பாதுகாவலன் தன் விருப்பப்படி வளர்க்க உரிமையுடையவன் என்று சட்டம் பேசி அவர்களை அனுப்பிவிடுகிறார். சூழ்ச்சி வெளிப்பட்டு ஒலாப் ஓடியபின், அண்டை வீட்டுப் பெண் நீதிபதி குழந்தைகளைத் தாமே வளர்ப்பதாக முன்வருகிறார். உறவினரிடமே வளரவேண்டும் என்பது பெற்றோரின் உயில் என்று அதனையும் அந்தப் புண்ணியவான் தடுத்துவிடுகிறார். மூன்றாம் புத்தகத்தில் வரும் ஜோசபின் அத்தையின் செய்கை இன்னும் விசித்திரமானது. கொடியவன் மாறுவேடத்தில் வந்து நிற்கிறான் என்று குழந்தைகள் பதறிச் சொல்லும்போது, அந்த அம்மையார் அவர்கள் பேச்சிலுள்ள இலக்கணப் பிழையைத் திருத்துகிறார்.

நாம் நகைப்பது இங்கேதான். பிள்ளையின் கண்ணீரைக் கண்டு நாம் நகைக்கவில்லை. கண்ணீர் கண்முன் வழியவும் அதன் பொருளைக் கேளாத பெரியவர்களைக் கண்டே நகைக்கிறோம். அந்த நகைப்பு நம்மீதே திரும்பி வந்து சுடுகிறது. ஒலாப்பைப் போன்ற கொடியவர் உலகில் மிகச் சிலரே. போவையும் ஜோசபினையும் போன்ற நல்லவர்களோ வீதிக்கு ஒருவர் உளர். கொடியவனின் சூழ்ச்சி ஒவ்வொரு முறையும் பலிப்பதற்குக் காரணம் அவனது சாமர்த்தியம் அன்று, நல்லவர்களின் செவிட்டுத்தன்மையே. ஆகவே, "திரும்பத் திரும்ப நம்பாதிருப்பது நம்பத்தகாதது" என்று குறை கூறும் அன்பர்களை நாம் ஒன்று கேட்போம். "மாமா என்னிடம் தவறாக நடந்தார்" என்று ஒரு சிறுமி சொன்னபோது, "பெரியவர்களைப் பற்றி அப்படிப் பேசாதே" என்று வாயடைத்த வீடு ஒன்றுகூட உங்கள் காதுக்கு எட்டியதில்லையா? "வாத்தியார் காரணமின்றி அடித்தார்" என்ற பையனிடம், "நீ என்ன செய்தாய்?" என்றே முதலில் கேட்டவர்கள் நாமல்லவா? நம்பத்தகாதது என்று நாம் ஒதுக்கும் அப்பகுதியே இந்நூலில் உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது.

நகைப்பிலும் இருவகை உண்டென்பதை நான்காம் புத்தகம் காட்டுகிறது. அதில் குழந்தைகள் ஒரு மரம் அறுக்கும் ஆலையில் கூலிகளாகத் தள்ளப்படுகின்றனர். சுருட்டுப் புகையால் முகம் மறைந்த முதலாளி ஒருவர். மதிய உணவுக்கு மெல்லும் பசைமிட்டாய். கூலிக்குப் பணமில்லை, கடையில் விலை குறைத்து வாங்குவதற்கான சீட்டுகளே கொடுக்கப்படும். வாங்கக் கையில் காசில்லாதவனுக்கு விலைக்குறைப்புச் சீட்டு எதற்கு என்று கேட்பாரில்லை. கூலியைப் பண்டமாகக் கொடுக்கலாகாது, நாணயமாகவே கொடுக்கவேண்டும் என்று பிரிட்டனில் 1831-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் அமெரிக்காவின் சுரங்கங்களிலும் மர ஆலைகளிலும் கம்பெனிச் சீட்டையே கூலியாகக் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் நிலவிற்று. ஆசிரியரின் கேலி வெறுங் கற்பனையன்று என்பது இதனால் விளங்கும்.

அந்த ஆலையில் பில் என்றொரு தொழிலாளி. எது நேரினும் நன்மையையே காண்பவன். யந்திர விபத்தில் இடது கால் முறிந்தபோதும், தான் வலது கால் பழக்கமுடையவன் என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் துன்பத்தைக் கண்டு நகுமாறு கூறினாரே, இவன் அவர் கூறிய மனிதனா? அல்லன். துன்பத்தை ஏறி மிதித்து வெல்வதற்கு வள்ளுவர் நகைப்பை ஆயுதமாகக் கொடுத்தார். பில்லோ துன்பத்தோடு சமாதானம் செய்துகொள்ள நகைக்கிறான். அவன் நகைப்பால் யந்திரம் பழுது பார்க்கப்படுவதில்லை, கூலி உயர்வதில்லை, அடுத்தவன் கால் காக்கப்படுவதுமில்லை. இவ்விரண்டு நகைப்பையும் பிரித்தறியும் கண்ணைக் குழந்தைக்குக் கொடுக்கும் நூலைக் கொடியதென்று நாம் எவ்வாறு தள்ளுவது?

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. இக்குழந்தைகள் பெருஞ்சொத்துக்கு வாரிசுகள். அதனாலேயே அவர்களைக் கொடியவன் துரத்துகிறான். அதனாலேயே வங்கிக்காரர் கணக்கு வைத்திருக்கிறார். ஒரு புத்தகம் முடிந்ததும் அவர்கள் ஆலையை விட்டுப் போய்விடுகின்றனர். மற்றத் தொழிலாளர் அங்கேயே இருக்கின்றனர். சொத்தில்லாத அநாதையை ஒருவரும் துரத்துவதில்லை, ஒருவரும் தேடுவதுமில்லை. அவன் கதையை 13 புத்தகங்களாக எழுதுவார் யார்? மேலும், இன்று நேற்றுத் தாயை இழந்த பிள்ளைக்கு இந்த வேடிக்கை புண்ணில் புளியாகலாம். அத்தகைய பிள்ளையிடம் இதனைக் கொடுக்குமுன் அதன் மனமறிந்து கொடுப்பதே முறை.

முடிவைப் பற்றிய மனக்குறையும் ஒன்றுண்டு. பிற்பகுதிப் புத்தகங்களில் இக்குழந்தைகளே பொய் சொல்கின்றனர், வேடம் பூணுகின்றனர், பகைவரைப் பிடிக்கக் குழி தோண்டி, பின் தம் செய்கைக்குத் தாமே அஞ்சிப் பின்வாங்குகின்றனர், ஈற்றயல் புத்தகத்தில் ஒரு விடுதிக்குத் தீயிடும் நிலைக்கும் வந்துவிடுகின்றனர். தீயால் அநாதையானவர்கள் கையிலேயே தீ! துன்பப்பட்டவன் செய்யும் தீமை தீமையாகாதா? "ஆகும்" என்றோ "ஆகாது" என்றோ ஆசிரியர் தீர்ப்பளிக்கவில்லை. அக்கேள்வியோடு குழந்தைகளை உறங்கவிடாமல் வைத்திருக்கிறார். தீர்ப்பு வேண்டுவோருக்கு அவர் அதே புத்தகத்தில் ஒரு நீதிமன்றத்தைக் காட்டுகிறார். நீதி குருடாயிருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லுக்குச் சொல் கொண்டு, அங்கே நீதிபதிகள் தவிர மற்றெல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். அத்தகைய தீர்ப்பைப் பெறுவதிலும் விடையில்லாமல் யோசிப்பதே மேல் என்று நாம் கருதுகிறோம்.

இறுதிப் புத்தகத்தில் இரகசியங்கள் பல வெளிப்படாவிடினும் ஒரு காரியம் தெளிவாய் நடக்கிறது. பிறந்தவுடன் தாயை இழந்த ஒரு பெண் குழந்தையை அம்மூவரும் ஏற்று, ஓராண்டுக் காலம் ஒரு தீவிலே வளர்த்து, பின் அதனுடன் கடலில் புறப்படுகின்றனர். காக்கப்படாதவர்களே காப்பவர்களாகின்றனர். தம் சொல்லைக் கேட்பாரின்றி வளர்ந்த அவர்கள், இனிமேல் மற்றொரு குழந்தையின் சொல்லைக் கேட்கவேண்டிய இடத்தில் நிற்கின்றனர். சர்க்கரைக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்பதைவிட, அவர்கள் அக்குழந்தையின் சொல்லைக் கேட்பார்களா என்பதே பெரிய கேள்வி என்று நமக்குத் தோன்றுகிறது.

அன்பர்களே, அந்தக் கேள்வி நமக்கும் உரியது. அநாதைக்குச் சோறும் துணியும் கொடுப்பது கருணையின் பாதி. அவன் சொல்வதை உட்கார்ந்து கேட்டு, உண்மையாயிருக்கக்கூடும் என்று நம்பி, விசாரிக்க எழுந்து நடப்பது மறுபாதி. முதற் பாதியைச் செய்தவர் திருவாளர் போ. தோட்டத்து லயத்திலாயினும் பட்டணத்து வீட்டிலாயினும், இன்றிரவு ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி நம்மருகே வந்து ஏதோ சொல்லத் தொடங்கினால், அதன் இலக்கணத்தைத் திருத்தாது, அலுவலைக் காட்டி அனுப்பாது, சொல்லி முடிக்கும்வரை கேட்போமாக.