கொடுத்த நிலம்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மேற்கே வில்ஷயர் சாலையை ஒட்டி ஒரு பெரிய நிலம் கிடக்கிறது. இன்றைய அளவில் 388 ஏக்கர். 1888இல் ஜான் ஜோன்ஸ் என்ற செனட்டரும் அர்காடியா பண்டினி டி பேக்கர் என்ற செல்வச் சீமாட்டியும் அங்கே அமெரிக்க அரசுக்கு நிலத்தைத் தானமாக எழுதிவைத்தார்கள். உடல் ஊனமுற்ற படைவீரர்களுக்கு அதில் ஓர் இல்லம் கட்ட வேண்டும், அதை நிரந்தரமாக நடத்திவர வேண்டும் என்பது ஏற்பாடு. உள்நாட்டுப் போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தது. கையையும் காலையும் களத்தில் விட்டுவந்தவர்கள் முதுமையை எட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இல்லத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மேலே நகர மனம் வருவதில்லை. தங்கும் விடுதிகள், சாப்பாட்டுக் கூடம், 1900இல் கட்டிய மரத் தேவாலயம், டிராம் வண்டி நிற்கும் இடம், பழத்தோட்டம். ஆயிரக்கணக்கான பேர் அங்கே வாழ்ந்தார்கள். ஆஸ்பத்திரியும் இருந்தது, ஆனால் அந்த இடம் வெறும் ஆஸ்பத்திரி அல்ல, ஊர்.

அங்கே ஒரு தபால் நிலையமும் இருந்தது. எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பெரிதாகப் படுகிறது. தபால் நிலையம் இருந்தால் முகவரி இருக்கிறது. ஓய்வூதியக் கடிதம் வந்து சேரும். பிரிந்துபோன மகள் என்றாவது எழுதினால் அதுவும் வந்து சேரும்.

*

அந்த ஊர் எப்போது மூடப்பட்டது என்று தேடினேன். அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை. 1971இல் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் பூகம்பம் வந்தது. பழைய கட்டடங்கள் ஆபத்தானவை என்றார்கள். குடியிருந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆஸ்பத்திரி மட்டும் மிஞ்சியது. சும்மா கிடந்த நிலத்தைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு பேஸ்பால் மைதானம், தனியார் பள்ளிக்கு விளையாட்டுத் திடல்கள், ஹோட்டல் துணி வெளுக்கும் நிலையம், படப்பிடிப்புச் சாமான்களுக்கு ஒரு கிடங்கு. ஒவ்வொன்றும் ஒரு சிறிய குத்தகைத் தாள்தான். கையெழுத்துப் போட்ட யாருக்கும் தாம் ஓர் ஊரை விற்கிறோம் என்று தோன்றியிருக்காது.

வியட்நாமிலிருந்து ஆட்கள் திரும்பிவந்துகொண்டிருந்ததும் ஊர் காலியாகிக்கொண்டிருந்த அந்த எழுபதுகளில்தான்.

பேஸ்பால் மைதானத்துக்குக் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனின் பெயர். அவரும் ராணுவ அதிகாரியாக இருந்தவர். பேருந்தில் பின்னால் போய் உட்கார மறுத்ததற்காக 1944இல் ராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலையானவர். அந்தப் பெயரை அந்த மண்ணில் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

*

பட்டாளத்தில் இருப்பவனுக்கு எழும் நேரம் தெரியும், படுக்கும் இடம் தெரியும், பக்கத்தில் படுப்பவன் யார் என்று தெரியும். வெளியே வரும் நாளில் கையில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். எந்த நிலையில் விடுவிக்கப்பட்டான் என்று அதில் எழுதியிருக்கும். நல்லபடியாக விடுவிக்கப்பட்டான் என்றிருந்தால் கதவுகள் திறக்கும். அப்படி இல்லையென்றால் பல உதவிகள் கிடைக்காது. போர் உலுக்கிய மனத்தோடு குடித்து, சண்டை போட்டு, சொல்லாமல் ஓடிப்போய், அதற்காகவே கெட்ட தாளோடு வெளியேற்றப்பட்டவர்கள் ஏராளம். யாருக்கு நோய் அதிகமோ அவனுக்கு மருந்து மறுக்கப்பட்டது. அந்த மன நோய்க்கு மருத்துவ நூலில் ஒரு பெயர் ஏறியதே 1980இல்தான். அதற்கு முன் வந்தவர்களைக் கோழை என்றும் குடிகாரன் என்றும் ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது.

வந்த மறுநாளே எவனும் தெருவுக்கு வந்துவிடுவதில்லை. முதலில் வேலை நிலைக்காமல் போகிறது. பிறகு மணவாழ்க்கை. பிறகு தம்பி வீட்டுச் சோபா. அங்கிருந்து கார். பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நடக்கும் சரிவு இது. நடுவில் எந்தப் படியில் பிடித்து நிறுத்தியிருந்தாலும் நின்றிருப்பான்.

*

இதை எத்தனை முறை யோசித்தாலும் ஆறவில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கென்று வரிச்சலுகைப் பணத்தில் வீடுகள் கட்டுகிறார்கள். குடிவருபவரின் வருமானம் ஓர் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. போரில் அடைந்த ஊனத்துக்காக அரசு தரும் இழப்பீட்டையும் வருமானமாகவே கணக்கில் சேர்த்தார்கள். ஊனம் கூடினால் இழப்பீடு கூடும். இழப்பீடு கூடினால் வீடு கிடையாது. மிக மோசமாகக் காயம்பட்டவன் மிக உறுதியாக வெளியே நிறுத்தப்பட்டான். 2024இல் ஒரு நீதிபதி இது பாரபட்சம் என்றார். அதே ஆண்டு வீட்டுவசதித் துறையும் விதியை மாற்றியது. அதுவரை சக்கர நாற்காலியோடு விண்ணப்பம் கொண்டுபோய், தொகை சற்றுக் கூடுதல் என்ற பதிலோடு திரும்பியவர்களுக்கு அந்த இரவுகளை யாரும் ஈடுசெய்யப் போவதில்லை.

*

கொடைநிலத்தின் ஒரு பகுதியில் 1889 முதல் ராணுவ இடுகாடு இருக்கிறது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள். வரிசை பிசகாத வெள்ளைக் கற்கள், வெட்டிச் சீராக்கிய புல். ஒவ்வொரு மே மாதமும் சாரணப் பிள்ளைகள் வந்து கல்லுக்கு ஒன்றாகக் கொடி நட்டுவைக்கிறார்கள்.

2021இல் வேலிக்கு வெளியே, சான் விசென்டே சாலையோரம், வரிசையாக வீடற்ற முன்னாள் வீரர்களின் கூடாரங்கள் நின்றன. அவற்றின் மேலும் தேசியக் கொடிகள். கூடாரங்களுக்குள் இருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கூடாரங்களை அப்புறப்படுத்தினார்கள். பலரை வேலிக்கு உள்ளே, 8 அடிக்கு 8 அடிக் குடில்களில் தங்கவைத்தார்கள்.

இறந்தவர்களுக்குச் செய்வதைக் குறைத்துச் சொல்லவில்லை. கொடி நடும் பிள்ளையின் கை அன்போடுதான் நடுகிறது. அந்த அன்பு கேட்பது ஆண்டுக்கு ஒரு காலைப்பொழுதை. உயிரோடு இருப்பவன் கேட்பது வாடகை, கழிப்பறை, தூங்க முடியாத இரவில் பேச ஓர் ஆள்.

*

தீராத பிரச்சினை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2010 ஜனவரியில் ஓர் இரவுக் கணக்கெடுப்பில் அமெரிக்கா முழுவதும் 74,000க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் வீடின்றி இருந்தார்கள். 2024 ஜனவரியில் 32,882. அந்த 2024இல் நாட்டில் வீடற்றோரின் மொத்த எண்ணிக்கை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. வீரர்களின் எண்ணிக்கை மட்டும் இறங்கியது. செய்தது எளிய காரியம். வீட்டுவசதித் துறை வாடகையில் பெரும்பங்கைக் கட்டியது. முன்னாள் படைவீரர் துறை கூடவே ஒரு சமூகப் பணியாளரை அனுப்பியது. முதலில் குடியை விடு, பிறகு வீடு என்று நிபந்தனை போடாமல், முதலில் சாவியைக் கொடுத்தார்கள்.

*

வில்ஷயர் நிலத்துக்காக 2011இல் வழக்குப் போட்டார்கள். 2013இல் குத்தகைகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2015இல் சமரசம். 2016இல் 1,200 வீடுகளுக்கு ஒரு திட்டம். வீடுகள் பெரும்பாலும் எழும்பவில்லை. 2022இல் மறுபடி வழக்கு. அதை விசாரித்த நீதிபதி டேவிட் கார்ட்டர், வியட்நாமில் கே சான் சண்டையில் காயம்பட்ட முன்னாள் மரைன் படை வீரர். 750 தற்காலிக வீடுகளை விரைந்து அமைக்க வேண்டும், 1,800 நிரந்தர வீடுகளை ஆறு ஆண்டுகளுக்குள் கட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் அவர் ஆணையிட்டார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

1968இல் கே சானில் இருபது வயதோடு நின்றவனுக்கு அந்தத் தீர்ப்பு வந்த ஆண்டில் எழுபத்தாறு. ஆறு ஆண்டு என்பது அவனுக்கு எண்பத்திரண்டு.