லத்தீனின் நெடில்கள் எங்கே போயின?

லத்தீன் தன் நெடில்களை இழந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிக்குள் பல நூற்றாண்டுகளின் மாற்றங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் காலத்து லத்தீனில் அ, எ, இ, ஒ, உ என்னும் ஐந்து உயிர்களுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. அளவு மாறினால் பொருள் மாறும். 'மலும்' தீமை; 'மாலும்' ஆப்பிள். 'வெனித்' வருகிறான், 'வேனித்' வந்தான். எழுத்திலோ இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே வடிவம்தான். அதனால் இந்த ஓசைகளின் வரலாற்றைச் செய்யுளின் யாப்பிலும் கல்வெட்டுகளின் பிழைகளிலும் அக்கால அறிஞர்களின் குறிப்புகளிலும் தேட வேண்டியிருக்கிறது.

முதல் அடுக்கு, நீட்சி. ஒரு மெய் தேய்ந்து மறைந்தால் அதன் மாத்திரை முன்னிருக்கும் உயிருக்குப் போய்ச் சேரும். 'நிஸ்தொஸ்' போன்ற ஒரு மூல வடிவில் ஸகரம் மறைந்தபோது, கூட்டைக் குறிக்கும் 'நீதுஸ்' பிறந்தது. னகர மெய்யை அடுத்து 'ஸ்' அல்லது 'ஃப்' வந்தாலும் முன்னுள்ள உயிர் நீண்டது. எதிர்மறை முன்னொட்டு 'இந்தொக்துஸ்' என்பதில் குறிலாகவும் 'ஈன்ஃபேலீக்ஸ்' என்பதில் நெடிலாகவும் ஒலிப்பதைச் சிசரோவே குறித்திருக்கிறார்.

இரண்டாம் அடுக்கு, குறுக்கம். சொல்லிறுதியில் 'த்', 'ம்', 'ர்' போன்ற மெய்களுக்கு முன் நெடில்கள் குறுகின. 'அமாஸ்' (நீ விரும்புகிறாய்) அப்படியே நிற்க, 'அமாத்' (அவன் விரும்புகிறான்) 'அமத்' ஆயிற்று. கி.மு. 184இல் இறந்த பிளாட்டஸின் நாடக யாப்பில் பழைய நெடில் இன்னும் பல இடங்களில் தெரிகிறது.

மூன்றாம் அடுக்குதான் பெரியது. நெடிலை இறுக்கமாகவும் குறிலைச் சற்றுத் தளர்வாகவும் ஒலித்தார்கள். அளவு மங்கியபோது இந்த ஒலித்தன்மையே வேறுபாட்டைச் சுமந்தது. இத்தாலி, கால் (இன்றைய பிரான்ஸ்), ஸ்பெயின் பகுதிகளில் தளர்ந்த குறில் இகரம் ஏகாரத்தோடு கலந்தது: பனியைக் குறிக்கும் 'நிவெம்' இத்தாலியத்தில் 'நேவே'. சார்டினியாவில் இந்தக் கலப்பு நிகழவில்லை. அங்கே குறிலும் அதன் நெடிலும் ஒன்றாயின. வட ஆப்பிரிக்காவில் 'ஒஸ்' (எலும்பு), 'ஓஸ்' (வாய்) இரண்டையும் மக்களின் காது பிரித்தறியவில்லை என்று 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவ ஆயர் அகஸ்டின் எழுதினார். குழப்பம் தீர எலும்பை 'ஒஸ்ஸும்' என்றே சொல்லலாம் என்றார்.

ஆகவே நெடில்கள் சுவடின்றி அழியவில்லை. ஈற்றயல் அசை நெடிலானால் அழுத்தம் அதன்மேல் விழும் என்பது லத்தீன் விதி. 'அமீகுஸ்' (நண்பன்) என்பதில் 'மீ' நெடில் என்பதால்தான், இன்றைய இத்தாலியரும் 'அமிகோ' என்னும்போது நடு அசையை அழுத்துகிறார்கள்.